பதினைந்து படி

கொள்ளிடத்துக்கு வடக்கே சம்மனசூர் என்று ஒரு ஊர் இருக்கிறது. வானத்திலிருந்து பூமிக்கு இறங்கி வந்த கடவுள், அந்த ஊரில் மட்டும் மேட்டுத்தெருவிலிருந்து பள்ளத்தெருவுக்குப் பதினைந்து படி இறங்க மாட்டார். கிறிஸ்துமஸ் அன்று காலையில், கோயில் குடிலில் கிடக்கும் பாலன் சுரூபத்தைச் சப்பரத்தில் ஏற்றி, கொட்டுமேளத்தோடு வீடு வீடாகக் கொண்டுபோவது அவர்கள் முறை. ஒவ்வொரு வாசலிலும் சப்பரம் நிற்கும், நாட்டாண்மை பாலனைத் தன் இரண்டு கையாலும் தூக்கி உள்ளே கொண்டுபோவார், புதுத்துணி விரித்த இடத்தில் கிடத்துவார், வீட்டில் இருப்பவர்கள் பெரியவர் முதல் கைக்குழந்தை வரை பாதத்தில் உதடு பதித்து முத்தி செய்வார்கள், பிறகு அடுத்த வீடு. இப்படி மேட்டுத்தெருவின் அறுபது வீடும் முடிந்ததும், பள்ளத்தெருவுக்கு இறங்கும் படிக்கட்டின் தலைப்பில் வந்து சப்பரம் நின்றுவிடும். பள்ளத்தெருவின் நாற்பத்து மூன்று வீட்டுக்காரர்களும் படியேறி வந்து, வரிசையில் நின்று முத்தி செய்துவிட்டு, வந்த வழியே இறங்கிப் போக வேண்டும். ஏன் சப்பரம் இறங்குவதில்லை என்று கேட்டால், சரிவு, சப்பரம் சாய்ந்துவிடும், பாலனுக்கு அடிபடும் என்று நாலு தலைமுறையாக ஒரே பதில்தான். சாதி என்ற சொல்லை அந்தப் பேச்சில் ஒருவர்கூட உச்சரித்தது கிடையாது, அந்த அளவுக்கு நாசூக்கான ஊர்.

பள்ளத்தெருவின் முதல் வீடு கித்தேரியுடையது. அவள் புருஷன் இன்னாசி கொத்தனார். எட்டு வருஷத்துக்கு முன்னால் அந்த மண் சரிவை வெட்டிப் பதினைந்து படிக்கட்டும் போட்டவன் அவன்தான். நாலு வருஷத்துக்கு முன்னால் கோயில் கோபுரத்துக்குப் பூசு வேலை செய்யும்போது சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு உடைந்து, அன்றிலிருந்து ஜன்னலோரக் கட்டிலில், தான் போட்ட படிகளைப் பார்த்தபடி கிடக்கிறான். நாலு கிறிஸ்துமஸ் ஆயிற்று, அவன் பாலனை முத்தி செய்து. ஒரே ஒரு வீட்டுக்கு, ஒரே ஒரு நோயாளிக்காகக் கொண்டு வாருங்கள் என்று கித்தேரி வருஷா வருஷம் நாட்டாண்மை தைரியநாதர் வீட்டு வாசலில் நின்று கேட்டாள். சாமியார் மாதம் ஒருமுறை நற்கருணை அப்பத்தை எடுத்துக்கொண்டு இதே படியில்தானே இறங்கி வருகிறார், அப்பத்துக்குச் சறுக்காத படி பாலனுக்கு மட்டும் சறுக்குமா என்றுகூடக் கேட்டுப் பார்த்தாள். தைரியநாதர் சிரித்துக்கொண்டே, "அது வேற, இது வேற, கித்தேரி" என்றார். அவள் அவருடைய செங்கல் சூளையில் கல் சுமப்பவள், அதற்கு மேல் வாய் பேச முடியாது. ஆனால் அவள் கேட்பதை விடவில்லை. பாலன் தன் வீட்டுக்குள் வர வேண்டும், இன்னாசியின் வாய் அந்தக் காலில் பட வேண்டும். அவளுக்கு இந்த உலகத்தில் வேறு வேண்டுதல் கிடையாது.

அந்த வருஷம் ஊருக்கு பெலவேந்திரம் என்று ஒரு புதுச் சாமியார் வந்திருந்தார், வயிற்றுப்புண்காரர், பயந்த சுபாவம், ஊர் வழக்கம் எதுவும் தெரியாதவர். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாலு வாரத் திருவருகைக்காலத்தின் இரண்டாம் ஞாயிறு. பீடத்தில் ஊதா விரிப்பு, இலை வளையத்தில் இரண்டாவது மெழுகுவர்த்தி எரிகிறது, வெளியே மூன்று நாளாக விடாத மழை. எப்போதும் வாசகம் வாசிக்கும் மேட்டுத்தெரு டீச்சருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. யாராவது வந்து வாசியுங்கள் என்று சாமியார் பொதுவாகச் சொல்ல, ஒருவரும் எழுந்திருக்காததால், எட்டாவது வரை படித்த கித்தேரி பின்வரிசையிலிருந்து எழுந்து போனாள். பள்ளத்தெருக் கால் ஒன்று வாசகப் பலகைக்கு முன்னால் நின்றது அதுதான் முதல் தடவை. வருகிறவருக்கு வழியைத் தயார் செய்யுங்கள், பள்ளமெல்லாம் தூர்ந்து மேலே வரும், மேடெல்லாம் தணிந்து கீழே வரும் என்று பழைய காலத்து இறைவாக்கினர் ஒருவர் சொன்ன பகுதி அது. தலையில் கல் அடுக்குகிறவள் ஒவ்வொன்றாக வைப்பதுபோல, அவசரப்படாமல், ஒரு சொல்கூட நழுவாமல் வாசித்து முடித்து, "ஆண்டவரின் அருள்வாக்கு" என்றாள். கோயில் முழுக்க, அடைமழையையும் மீறி, "இறைவா உமக்கு நன்றி" என்று பதில் சொன்னது.

அங்கேதான் மேட்டுத்தெரு மாட்டிக்கொண்டது. முறுக்கு மாவையும் தையற்காரன் தராத சட்டையையும் நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள், என்ன வாசித்தாலும் நன்றி சொல்லிப் பழகிய வாயால், காதில் விழாத ஒன்றுக்கு உரக்கச் சம்மதம் கொடுத்துவிட்டார்கள்.

மறுநாள் விடிந்ததும் இன்னாசி ஜன்னலில் பார்த்தான். திரும்பவும் பார்த்தான்.

"கித்தேரி, படி எத்தன இருக்குன்னு எண்ணு."

"உங்களுக்கு வேற வேல இல்ல."

"எண்ணுடி."

எண்ணினாள். பதினாலு. அடிப்படியைக் காணோம். உடையவும் இல்லை, பெயரவும் இல்லை, தரைக்குள் அமைதியாகப் போய்விட்டிருந்தது. இன்னாசிக்கு முதலில் வந்தது கோபம்தான். "கலவ சரியாத்தானே போட்டேன். எட்டு வருசத்துல ஒரு விரிசல் உண்டா?" என்று பகல் முழுக்கப் புலம்பிக்கொண்டிருந்தான். செவ்வாய்க்கிழமை பதின்மூன்று, புதன்கிழமை பன்னிரண்டு என்றானபோது கோபம் போய், தன் பழைய ரசமட்டத்தை எடுத்துத் தரச் சொல்லி ஜன்னல் கட்டையில் வைத்துப் பார்த்தான். குமிழி நடுவில் அசையாமல் நின்றது. வீடு சாயவில்லை. பள்ளத்தெரு தன் நாற்பத்து மூன்று வீட்டோடும் வேப்பமரத்தோடும் அடிபம்போடும் ஒன்றரைப்படி உயர்ந்திருந்தது, மேட்டுத்தெரு தன் அறுபது வீட்டோடும் கோயிலோடும் ஒன்றரைப்படி தாழ்ந்திருந்தது, அவ்வளவுதான். ஒரு சுவரில் கீறல் கிடையாது, ஒரு குடத்தில் தண்ணீர் தளும்பவில்லை, அடைகாத்த கோழி முட்டையை விட்டு எழுந்திருக்கவில்லை.

முதல் வாரத்தில் ஊர் இதை ஒரு மழைக்காலத் தொந்தரவாகத்தான் எடுத்துக்கொண்டது. எப்போதும் மேட்டிலிருந்து ஓடி வந்து பள்ளத்தெருவில் முட்டளவு நிற்கும் தண்ணீர் இப்போது எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் இரண்டு தெருவிலும் பாதத்தளவு பரவி நின்றது. மேட்டுத்தெருப் பெண்கள் பிறந்ததிலிருந்து முதல் தடவையாகப் புடவையைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். நாட்டாண்மை பன்னிரண்டு லாரி கிராவல் வரவழைத்து வீட்டு வாசல்களில் கொட்டி மேடு கட்டினார், மறுநாள் காலையில் அந்தப் பன்னிரண்டு லாரி கிராவலும் பள்ளத்தெருக் குழிகளில் நிரவி, திமிசு போட்டதுபோல் இறுகிக் கிடந்தது. பொதுப்பணித்துறை என்ஜினியர் ஒருவர் முக்காலியும் தூரக்கண்ணாடியுமாக வந்து மூன்று தடவை அளந்துவிட்டு, கருவியில் பழுது இல்லை என்று மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். கடைசியில் எங்கள் உயரத்தைப் பள்ளத்தெருக்காரர்கள் திருடிவிட்டார்கள் என்று அறுபது கையெழுத்தோடு ஒரு புகார் போயிற்று. விசாரிக்க வந்த சப்-இன்ஸ்பெக்டர் பொறுமையான மனுஷன்.

"திருட்டுச் சாமான எங்க வச்சிருக்காங்க?" என்று கேட்டார்.

"கீழதான் சார், தரைக்கு அடியில."

"வீடு ஒண்ணுக்கு எத்தன அடி?"

அவர் டீ குடித்துவிட்டுப் போய்விட்டார்.

பள்ளத்தெருவிலும் எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள் என்று சொல்லிவிட முடியாது. பக்கத்து வீட்டு ஞானப்பூ, கித்தேரியோடு ஒரே சூளையில் கல் சுமப்பவள், பயத்தில் பாதியாகிவிட்டாள். "நமக்கு எதுக்குடி இந்த வம்பு? இன்னிக்கு ஒசத்துற சாமி நாளைக்கு விட்டுட்டுப் போயிட்டா, அவங்க நம்மளச் சும்மாவா விடுவாங்க?" என்று அடிபம்பில் வைத்துக் கேட்டாள். கித்தேரி அடிபம்பை அடித்துக் குடத்தை நிரப்பினாள். அவளுக்கும் பயம்தான். ஆனால் ஒவ்வொரு நாளும் எழுந்து படிகளை எண்ணும்போது, பயத்துக்கு அடியில் வேறொன்றும் ஊறிக்கொண்டிருந்தது, அதற்கு அவள் இன்னும் பெயர் வைக்கவில்லை.

மூன்றாம் ஞாயிறு, ரோஸ் மெழுகுவர்த்தி ஏற்றிய அன்று, பூசை முடிந்ததும் மேட்டுத்தெரு மொத்தமாகச் சாமியார் அறைக்குள் போய் நின்றது. அந்த வாசகத்தை ரத்து செய்ய வேண்டும் என்றார்கள். பெலவேந்திரம் சாமியார் வயிற்றைப் பிடித்துக்கொண்டே பதில் சொன்னார்.

"அந்தம்மா வாசிச்சது சரி. ஆனா நன்றின்னு சொன்னது யாரு? நீங்கதானே? கோயிலே அதிர்ற மாதிரி சொன்னீங்க. குடுத்த பெறகு வேணாம்னு நான் எப்படிங்க சொல்றது?"

சொல்லி முடித்தபோது தனக்கு வயிறு வலிக்கவில்லை என்பதை அவர் கவனித்தார். அன்றிலிருந்து அவர் சாப்பாட்டில் கொஞ்சம் மிளகாயும் சேர்ந்தது.

அதனால் தைரியநாதரே நேரில் வந்தார். அப்போது எட்டுப் படிதான் பாக்கி இருந்தது. பிறந்து அறுபத்து நாலு வருஷத்தில் அவர் பள்ளத்தெருவுக்கு இறங்கியது அன்றுதான், அதுவும் பாதி வழியைப் பூமியே குறைத்துக் கொடுத்த பிறகு. வாசலுக்கு வெளியே நின்றுகொண்டார். கித்தேரி முக்காலி கொண்டுவந்து போட்டாள், உட்காரவில்லை.

"இங்க பாரு கித்தேரி. நாலாம் ஞாயித்துக்கிழமை நீயே மறுபடி வாசி. போன தடவ வாய் தவறிடுச்சுன்னு சொல்லிட்டு, அத அப்படியே மாத்தி வாசிச்சிடு. பள்ளம் பள்ளமா இருக்கும், மேடு மேடா இருக்கும்னு."

"வாய் தவறல ஐயா. நான் எழுத்துக்கூட்டித்தான் வாசிச்சேன்."

"பிடிவாதம் பிடிக்காத. சூளையில உன்ன வச்சிருக்கிறது யாருன்னு யோசி." குரலைத் தணித்துக்கொண்டார். "இன்னாசிக்காகத்தானே இவ்வளவும்? டவுன்ல சொல்லி ஒரு பாலன் சுரூபம் வாங்கித் தரச் சொல்றேன். கோயில்ல இருக்கிறதவிடப் பெருசா. வருசம் பூராவும் பக்கத்துலயே வச்சுக்கட்டும்."

உள்ளேயிருந்து இன்னாசி, "வேணாம்னு சொல்லுடி" என்றான்.

கித்தேரியின் கை சேலைத் தலைப்பைப் பிடித்து முறுக்கியது. ஆனால் வார்த்தை நேராகவே வந்தது.

"சுரூபம் கடையில கிடைக்கும் ஐயா. எங்களுக்கு அவரு வரணும். ஊர்ல எல்லார் வீட்டுக்கும் வர்றவரு இங்கயும் வரணும். நாலு வருசமா நான் கேட்டது அதத்தான்."

தைரியநாதர் எட்டுப் படியும் ஏறிப் போனார். மறுநாளிலிருந்து கித்தேரிக்குச் சூளையில் வேலை இல்லை. அன்றைக்கு ஏழு படி.

நாலாம் ஞாயிறு காலையில் ஒரே ஒரு படி நின்றது. கோயிலில் சாமியார் பிரசங்கத்தில் நிதானமாகப் பேசினார். திருவருகை என்றால் வீட்டுக்கு வெள்ளையடிப்பதல்ல, நட்சத்திர விளக்குத் தொங்கவிடுவதல்ல என்றார். நாம் ஏறிப்போய் அவரைப் பிடிப்பதல்ல, அவர் இறங்கி வருவது, நம் பங்குக்குச் செய்ய வேண்டியது காத்திருப்பதும் அவர் வரும் வழியை மறிக்காமல் இருப்பதும்தான் என்றார். இதை வருஷா வருஷம் எல்லாச் சாமியார்களும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள், கேட்டவர்கள் எல்லாரும் தலையாட்டிவிட்டுக் கறிக்கடைக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். கித்தேரி அதை அப்படியே, சொல்லுக்குச் சொல், நம்பிவிட்டாள்.

அன்று மத்தியானம் அடிபம்படியில் பள்ளத்தெரு கூடியிருந்தது. நாளை படியே இருக்காது, சப்பரம் நின்று போகும் இடத்துக்கு நடந்தே போய்விடலாம், ஏறுகிற சிரமம் இல்லை என்று ஒருவர் சொன்னார். அதுவே பெரிய காரியம் என்று இன்னொருவர் சொன்னார்.

"போக வேணாம்" என்றாள் கித்தேரி.

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள்.

"நாம இத்தன வருசமா தப்பாப் பண்ணிட்டோம். வர்றவரு அவரு. நாம எதுக்குப் போயி வரிசையில நிக்கணும்? அவங்கவங்க வீட்டு வாசல்ல, புதுத்துணிய விரிச்சு வச்சுட்டு, நிப்போம்."

"வரலன்னா?" என்றாள் ஞானப்பூ. "பாலன முத்தி பண்ணாத ஒரு கிறிஸ்மஸாடி? பாவம் இல்லையா? எம் புள்ளைக்கு இது மொத கிறிஸ்மஸ்."

அது சின்ன விஷயம் இல்லை. வருஷம் பூராவும் சேறும் வசவும் சுமந்தவர்களுக்கு, அந்தச் சின்னக் காலில் உதடு படுகிற ஒரு நொடிதான் பண்டிகை. அதையும் இழக்கச் சொல்கிறாள் இவள்.

"வரலன்னா காத்திருப்போம்" என்றாள் கித்தேரி. "எனக்கும் ஆசை இல்லையா? நாலு வருசமா நான் மட்டும் ஏறிப்போயி முத்தி பண்ணிட்டு வந்து, அந்த வாயோட எம் புருசன் மொகத்தப் பாத்திருக்கேன். இனிமே முடியாது. எங்க வீட்டுக்கு வராதவர நான் தெருவுல போயி பாக்க மாட்டேன்."

பிறகு அவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். யார் என்ன முடிவு செய்தார்கள் என்று அவளுக்கு விடியும்வரை தெரியாது.

கிறிஸ்துமஸ் காலையில் படி இல்லை. கொள்ளிடத்துப் படுகைபோல் இரண்டு தெருவும் ஒரே தரையாய் நீண்டு கிடந்தன, நடுவில் ஒரு கோடுகூட இல்லை. சப்பரம் மேட்டுத்தெருவின் அறுபது வீட்டையும் முடித்துக்கொண்டு, படியின் தலைப்பு இருந்த இடத்துக்கு வந்து, பழக்கத்தில் நின்றது. எதிரே வரிசை இல்லை. நாற்பது அடி தள்ளி, பள்ளத்தெருவின் ஒவ்வொரு வாசலிலும் அந்தந்த வீட்டுக்காரர்கள் குளித்து, எண்ணெய் தடவி, இருப்பதில் நல்லதை உடுத்திக்கொண்டு நின்றார்கள். கித்தேரி இடது பக்கம் திரும்பிப் பார்த்தாள். ஞானப்பூ கைக்குழந்தையோடு தன் வாசலில் நின்றுகொண்டிருந்தாள், கண் கலங்கியிருந்தது, ஆனால் நின்றாள்.

"என்ன வேடிக்க? வந்து முத்தி பண்ணுங்க" என்றார் தைரியநாதர்.

"நாங்க காத்திருக்கோம் ஐயா" என்றாள் கித்தேரி.

"எதுக்கு?"

"வர்றவருக்கு."

அவர் வாய் தானாக, "சரிவு..." என்று ஆரம்பித்தது. தரையைப் பார்த்தார். மழைத்தண்ணீர் எந்தப் பக்கமும் ஓடாமல் தட்டில் வைத்ததுபோல் நின்றது. "வழக்கம்னு ஒண்ணு இருக்குல்ல" என்றார்.

"என்ன வழக்கம் ஐயா? இத்தன நாளா சரிவுன்னீங்க. இப்ப சரிவு இல்ல. வேற என்னன்னு சொல்லுங்க. பேரச் சொல்லுங்க, கேட்டுக்கறோம்."

நாலு தலைமுறையாகச் சொல்லாமல் காப்பாற்றிய அந்தச் சொல் அவர் நாக்கு நுனி வரை வந்தது. சப்பரத்தில் பாலன் மல்லாந்து கிடந்தபடி இரண்டு கையையும் விரித்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வைக்கு முன்னால் அவரால் அதைச் சொல்ல முடியவில்லை.

திரும்பிப் போகவும் வழி இல்லை. ஊரின் கடைசி வீட்டுக்காரர் வந்து முத்தி செய்யும்வரை பாலன் குடிலுக்குத் திரும்பக்கூடாது என்பதும் அதே வழக்கம்தான். மணி பத்தாயிற்று, பன்னிரண்டாயிற்று. கொட்டுக்காரர்கள் மேளத்தை இறக்கி வைத்தார்கள். சப்பரத்தைச் சுமந்த தூக்கிகள் தோள் மாற்றினார்கள், மறுபடி மாற்றினார்கள். மேட்டுத்தெரு அடுப்புகளில் பிரியாணி குழைந்துகொண்டிருந்தது. சாமியார் வந்து இரண்டு பக்கத்தையும் பார்த்தார், கோயிலுக்குத் திரும்பிப் போனார், பண்டிகைக்குப் போட்டிருந்த வெள்ளை அங்கியைக் கழற்றிவிட்டு ஊதா அங்கியை மாட்டிக்கொண்டு வந்தார்.

"கிறிஸ்மஸ் இன்னும் வரலைங்க" என்றார், தைரியநாதரைப் பார்த்து. "திருவருகைக்காலம் முடியல. முடிஞ்சா சொல்லுங்க, மாத்திக்கறேன்." நடுத்தெருவில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்.

பள்ளத்தெரு நின்றது. கால் கடுத்தது, மழை தூறியது, குழந்தைகள் பசியில் அழுதன, நின்றது. கித்தேரி தன் வாழ்நாளில் எத்தனையோ இடத்தில் நின்றிருக்கிறாள், சூளையில், ரேஷன் கடையில், நாட்டாண்மை வாசலில், எல்லாம் கெஞ்சிக்கொண்டு நின்றது. இன்றைக்கு நிற்பது அப்படி இல்லை என்று அவளுக்கே தெரிந்தது. இத்தனை நாள் பயத்துக்கு அடியில் ஊறிக்கொண்டிருந்தது இதுதான், இதன் பெயர் நம்பிக்கை, இது இவ்வளவு முரட்டுத்தனமாக இருக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

மூன்றரை மணிக்கு முன்வரிசைத் தூக்கி ஒருவன், தோள் தாங்காமலோ மனசு தாங்காமலோ, வலது காலை எடுத்து முன்னால் வைத்தான். படி இருக்கும் என்று நினைத்துத் தாழ வைத்த கால் உடனே தரையில் மோதி, உடம்பு ஒரு குலுக்கு குலுங்கியது. சப்பரம் சாயவில்லை. மற்ற மூன்று பேரும் அவன் பின்னாலேயே நடந்தார்கள். தைரியநாதர், "ஏய், நில்லுங்கடா" என்றார், அது அவர் காதுக்கே கேட்கவில்லை. பிறகு அவரும் நடந்தார். அவர் கை இல்லாமல் பாலனைத் தூக்கக்கூடாதே.

சப்பரம் கித்தேரி வாசலில் நின்றது. அது மேட்டுத்தெரு வீடுகள் மாதிரி நிமிர்ந்து நுழைகிற வாசல் இல்லை. தரைதான் உயர்ந்ததே தவிர, வாசல் நிலை எந்தக் காலத்திலோ வைத்த உயரத்திலேயே இருந்தது. தைரியநாதர் பாலனை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வாசலுக்கு முன்னால் தயங்கினார். ஒரு கையை எடுத்து மேல் கட்டையைப் பிடிக்க முடியாது, தலைப்பாகையைச் சரிசெய்யவும் முடியாது. தலையைத் தாழ்த்திப் பார்த்தார், இடித்தது.

"இன்னும் கொஞ்சம் குனியணுங்க" என்றாள் கித்தேரி.

அவர் இடுப்பை வளைத்துக் குனிந்து உள்ளே வந்தார். கட்டிலில் விரித்திருந்த புதுத்துணியில் பாலனைக் கிடத்தினார். இன்னாசி உடனே முத்தி செய்யவில்லை. காய்ப்புக் காய்த்த விரலால் அந்தச் சின்னப் பாதத்தைத் தடவிக்கொண்டே, "வாங்க, வாங்க" என்றான் பாலனிடம், "நான் போட்ட படியெல்லாம் முழுங்கிட்டீங்க, பரவால்ல." பிறகு ஒருக்களித்து, வலியில் பல்லைக் கடித்து, காலில் வாயை வைத்தான். வைத்த வாயை வெகுநேரம் எடுக்கவில்லை. கித்தேரி அழுதாள், மறைக்கவில்லை. வெளியே சாமியார் நாற்காலியை விட்டு எழுந்து ஊதா அங்கியைக் கழற்றத் தொடங்கினார். கித்தேரி கதவிடுக்கில் அவரைப் பார்த்து, வேண்டாம், இன்னும் நேரம் இருக்கிறது என்று தலையசைத்தாள்.

பாலனை மறுபடி ஏந்திக்கொண்டு, மறுபடி குனிந்து, தைரியநாதர் வெளியே வந்தார். வேர்த்திருந்தது. தெருவில் இரண்டு பக்கமும் நாற்பத்திரண்டு வாசல்கள், எல்லாம் இதே மாதிரி.

"அடுத்தது ஞானப்பூ வீடுங்க ஐயா" என்று கித்தேரி முன்னால் நடந்தாள். "அவ வாசல் இதவிடத் தாழ்வு. பாத்து வாங்க."